தலைவரின் இடது காது

என் தம்பி காசுக்குத் தலையாட்டினான் என்று இந்த ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். டீக்கடையில் பேசினார்கள், பேருந்து நிறுத்தத்தில் பேசினார்கள், எங்கள் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அவன் ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. யார் யார் பேசினார்கள் என்பதும் நினைவிருக்கிறது. நடந்தது என்ன என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

என் தம்பி டாக்டர். இந்த ஊர்க் குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவன். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று இரண்டாவது முறையாக நகராட்சித் தலைவராக இருக்கிறான். காலையில் கிளினிக், மதியத்துக்கு மேல் நகராட்சி, மாலையில் மறுபடி கிளினிக். நான் அவனுக்கு மூத்தவள். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிளினிக் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து நோயாளிகளை முறைப்படி உள்ளே அனுப்புகிறேன். எனக்குப் 'பிரம்பு டீச்சர்' என்று ஒரு பெயர் உண்டாம். என் எதிரில் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வரவில்லை.

தம்பிக்கு இடது காது கேட்காது. சிறு வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், ஒரே பாயில் கிடந்தோம். வீக்கம் வடிந்தபோது நான் முழுசாக எழுந்தேன். அவன் ஒரு காதைப் பறிகொடுத்துவிட்டு எழுந்தான். அம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரே ஒரு முறை சொன்னாள்: "இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கணும். வெளிய தெரிஞ்சா, நாளைக்கு இவன் என்ன ஆனாலும் மொதல்ல செவிடன்னுதான் சொல்லுவாங்க."

அன்றிலிருந்து நான்தான் காவல். பள்ளிக்கு நடக்கும்போது அவனுக்கு இடப்பக்கம் நான். அவனுக்குச் சம்பந்தம் பேசப் போனபோதும் இடப்பக்கம் நான். பெண் வீட்டார் இடப்புறம் இருந்து கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். 'மாப்பிள்ளைய வாயே தொறக்க விட மாட்டேங்குறாங்களே இந்தக்கா' என்று அவர்கள் முணுமுணுத்ததும் கேட்டது. முணுமுணுக்கட்டும் என்று இருந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவிக்கு மட்டும் சொன்னோம். அவள் கெட்டிக்காரி. அவனைத் திட்ட வேண்டியிருந்தால் இடப்பக்கம் நின்று மனசாரத் திட்டிவிட்டு, வலப்பக்கம் வந்து "சாப்பிட வாங்க" என்பாள்.

வைத்தியத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய்க்கு ஒரு காது தாராளமாகப் போதும். நோயாளி உட்காரும் முக்காலியை அவன் மேஜைக்கு வலப்பக்கம் தரையோடு திருகி வைத்திருக்கிறோம். யாராவது இடப்புறம் வந்து நின்றால் அவன் நாற்காலியோடு முழு உடம்பையும் அவர்கள் பக்கம் திருப்புவான். 'மனுஷன் எப்படித் திரும்பி உக்காந்து காது குடுத்துக் கேக்குறாரு பாரு' என்று ஊரில் அதற்கும் ஒரு புகழ்.

வினை நகராட்சியில்தான் வந்தது. அங்கே தலைவரின் நாற்காலி மேடையோடு சேர்த்து அடித்தது. திரும்பாது. வலப்பக்கம் ஆணையர் உட்கார வேண்டும் என்பது விதி. இடப்பக்கம் துணைத்தலைவர். மேடைக்கு ஏறும் படியும் அந்தப் பக்கம்தான். அதனால் தலைவரின் காதைக் கடிக்க வருகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கமாக ஏறி, குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கேட்காத காதிலேயே கடித்துவிட்டுப் போனார்கள். தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி நீட்டி முழக்கினால் "ம், ம்" என்று தலையாட்டுவான். அதையே அங்கும் செய்தான். முக்கியமான விஷயமானால் எழுதிக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தான்.

அப்படித் தலையாட்டப்பட்டவர்களில் ஒருவர் காண்ட்ராக்டர். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதால் ஊரில் அவரைச் 'சிரிப்பு' என்பார்கள். நகராட்சி மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. அதில் கடைகள் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. தேநீர் இடைவேளையில், அத்தனை உறுப்பினர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மேடை ஏறிக் குனிந்து கேட்டார். தம்பி தலையாட்டினான். இடைவேளை முடிந்ததும் அந்த மனையில் பிரசவ வார்டு கட்டும் தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவன்தான்.

மறுநாள் காலையிலேயே சிரிப்பு என் மேஜைக்கு வந்தார். அன்று சிரிக்கவில்லை.

"டீச்சரம்மா, சார்கிட்ட சொல்லி வைங்க. பெரிய மனுஷன்னா ஒரு சொல்லு, ஒரு நடத்தை இருக்கணும்."

"அவன் உங்களுக்கு என்ன சொல்லு குடுத்தான்?"

"வாயத் தொறக்கல. தலையத்தான் ஆட்டினாரு. இந்த மாதிரி விஷயத்துக்கு யாரு வாயத் தொறப்பா? நானும் புரிஞ்சுக்கிட்டேன். 'உங்களுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிடுறேன்'னேன். அதுக்கும் ஆட்டினாரு."

"எந்தப் பக்கம் நின்னு கேட்டீங்க?"

அவர் விழித்தார். "பக்கமா? படி இருக்கிற பக்கம். ஏம்மா, எந்தப் பக்கம் நின்னா என்ன?"

"சும்மா கேட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னா எந்திரிங்க. இது நோயாளிங்க பெஞ்சு."

எழுந்து போனவர் நேராகத் துணைத்தலைவரிடம் போனார். துணைத்தலைவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். தலைவர் நாற்காலி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். 'பங்குக்குத் தலையாட்டினார், பங்கு போதவில்லை, பல்டி அடித்துவிட்டார்' என்று கதை அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குச் சிறப்புக் கூட்டமும் கேட்டுவிட்டார்கள். தம்பி இறங்கினால் நாற்காலி துணைத்தலைவருக்கு. நாற்காலி அவருக்குப் போனால் மனை சிரிப்புக்கு.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் தம்பி சொன்னான்: "ராஜினாமா எழுதி வச்சிருக்கேன் அக்கா. நாளைக்குக் குடுத்துட்டு வந்துடுறேன். வைத்தியம் இருக்கு, அது போதும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று.

"நம்ம வீட்ல யாரும் திருட்டுப் பட்டத்தோட எந்த நாற்காலிய விட்டும் எந்திரிச்சதில்ல. நீ எந்திரிச்சா ஊரு என்ன சொல்லும்? மாட்டிக்கிட்டான், ஓடிட்டான்னு சொல்லும்."

"அப்ப என்ன சொல்லச் சொல்ற? தலையாட்டினது நெஜம். எதுக்கு ஆட்டினேன்னு சொல்லணும்னா காதச் சொல்லணும். அம்மா சொன்னத மறந்துட்டியா?"

"நான் மறப்பேனா?"

"காதச் சொன்னா இங்க யாரு வருவா? 'செவிட்டு டாக்டரு, நெஞ்சுச் சத்தம் இவருக்கு எங்க கேக்கப் போவுது'ம்பாங்க. ஒண்ணு கைய நீட்டுற டாக்டர், இல்லன்னா காது கேக்காத டாக்டர். ரெண்டுல ஒண்ண எடுத்துக்கோன்னா, நான் வீட்டுக்கே போயிடுறேன்."

அவன் மனைவி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, அவரு போறதுன்னா போகட்டும். ஆனா அந்த வார்டு? பிரசவ வலியில பொண்ணுங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடக்குறாங்க. அதுக்காகத்தான இவரு எலெக்‌ஷன்லயே நின்னாரு?"

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவனுக்கு அந்த வார்டு எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும். வராண்டாவில் ஒரு பெண் பிழைக்காமல் போன அன்று அவன் இதே மேஜையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

அன்று மதியம் முழுக்க நான் யோசித்தேன். அம்மா காவல் வைத்தது ஒரு காதுக்கு அல்ல. குடும்பத்தின் பெயருக்கு. அந்தப் பெயரையே இன்று தெருவில் போட்டு மிதிக்கிறார்கள். நான் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதா?

மறுநாள் நகராட்சிக் கூடத்தில் பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். உயரமான கூரை, சுற்றும்போது கடகடக்கும் மின்விசிறிகள், பச்சைத் துணி விரித்த மேஜைகள். தம்பியின் சட்டைப் பையில் மடித்த தாள் வெளியே எட்டிப் பார்த்தது. ராஜினாமா.

துணைத்தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். "நான் யாரையும் குத்தம் சொல்லல. ஒரே கேள்விதான். காண்ட்ராக்டர் வந்து கேட்டாரு, தலைவர் தலையாட்டினாரு. நான் பக்கத்துல உக்காந்து கண்ணால பாத்தேன். இல்லன்னு சொல்லுவாரா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி. அவன் கை சட்டைப் பைக்குப் போனது.

நான் எழுந்தேன். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறது. நான் பேசவில்லை. நடந்தேன். கடைநிலை ஊழியர் ஒருவர் குறுக்கே வந்தார். என்னிடம் படித்தவளின் மகன். என் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றுகொண்டார். நான் படியேறினேன். இடப்பக்கப் படி. துணைத்தலைவரின் மேஜையை உரசிக்கொண்டு போய், தம்பியின் நாற்காலிக்கு அருகே குனிந்து, கையால் வாயை மறைத்து, மின்விசிறிகளின் கடகடப்பில் துணைத்தலைவருக்கு மட்டும் எட்டும்படி, அவன் இடது காதில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவன் ஆணையரைப் பார்த்துக்கொண்டே, வழக்கம்போலத் தலையாட்டினான்.

நான் நிமிர்ந்தேன். "துணைத்தலைவரே, நீங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. உங்களுக்குக் காது நல்லாத்தான கேக்குது? நான் இப்ப என்ன கேட்டேன்?"

"அது எதுக்கு இப்ப..."

"கேட்டுச்சா, கேக்கலையா?"

வகுப்பில் கேட்கும் குரலில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் எழுந்து நின்று சொன்னார்: "நகராட்சிக் கட்டடத்த என் பேருக்கு எழுதிக் குடுத்துடுறியா, மாடு கட்டணும்னு கேட்டீங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"தலையாட்டினானா?"

"ஆட்டினாரு."

"எல்லாரும் பாத்தீங்கல்ல? சரி, எப்பக் காலி பண்றீங்க?" என்றேன்.

இப்போது கூடமே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நான் என்ன செய்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வயதுப் பையனாகப் பாயில் கிடந்தபோது பார்த்த அதே பார்வை.

துணைத்தலைவர் சுதாரித்துக்கொண்டார். "இதெல்லாம் அக்காவும் தம்பியும் வீட்லயே பேசி வச்சுக்கிட்ட நாடகம்!"

தம்பி எழுந்தான். மைக்கைக் கையில் எடுத்தான். "நாடகம் இல்ல. எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுலயே போச்சு. எந்த ஊர்க் காது டாக்டர வேணும்னாலும் கூப்பிடுங்க, வந்து உக்காருறேன். இத்தனை வருஷமா இந்தப் படியில ஏறி வந்து என் காதுல சொன்னவங்க எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட எனக்கு வந்து சேரல. என்ன சொன்னீங்கன்னு இப்ப இந்த மைக்குல வந்து சொன்னா, பதில் சொல்றேன். வாங்க."

யாரும் வரவில்லை. இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்றிருந்த சிரிப்பு மெல்ல வெளியே நழுவினார். துணைத்தலைவருக்கு மட்டும் அடங்கவில்லை.

"அப்ப இத்தன நாளா ஒரு செவிடர்தான் எங்க நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டாரா? இது மோசடி இல்லையா?"

நான் பயந்த கேள்வி அதுதான். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. தம்பி அவர் பக்கம் முழு உடம்பையும் திருப்பினான்.

"குழாய்க்கு ஒரு காது போதும். உங்க நெஞ்சுல நான் என்ன கேட்டேன்னு இந்தச் சபையில சொல்ல மாட்டேன். அது என் தொழில் தர்மம். நீங்க சொல்றதுன்னா சொல்லலாம்."

துணைத்தலைவரின் கை தானாகச் சட்டையின் மேல் பட்டனுக்குப் போனது. அந்தச் சட்டைக்குள் நீளமாக ஒரு தையல் தழும்பு இருப்பது ஊருக்கே தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னது யார் என்பதும் தெரியும். காய்கறிக் கடை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் அம்மாள் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏம்பா, சொல்லேன். அந்த ஒத்தக் காது இல்லன்னா இந்நேரம் உனக்கு இரங்கல் தீர்மானம்தான் போட்டிருப்போம்!"

வாக்கெடுப்பில் துணைத்தலைவரின் சொந்த ஆட்களே பாதிப் பேர் கையைத் தூக்கவில்லை. தீர்மானம் தோற்றது. தம்பி ராஜினாமாவை எடுத்துக் கிழித்து, துண்டுகளை ஒழுங்காகச் சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டான். பிறகு ஆணையரிடம், மேடையின் இடப்பக்கப் படிக்கு மேலே ஒரு மைக் கட்டச் சொன்னான். இனிமேல் அந்தப் பக்கம் ஏறுகிறவர் எதைச் சொன்னாலும் கூடம் முழுக்கக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் பழக்கத்தில் அவன் இடப்பக்கம் போனேன். அவன் என் முழங்கையைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுவந்தான்.

"மாடு கட்டணுமாக்கும்?"

"வேற எதுக்கு லாயக்கு அந்தக் கட்டடம்?" என்றேன்.

கதை அதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் கிளினிக் பெஞ்ச் பாதி காலி. வழக்கமாக முதலில் வருகிறவர்கள் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர் டாக்டரைத் தேடிப் போனார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. தம்பி மேஜையைத் துடைத்தான், குழாயைத் துடைத்தான், ஜன்னலைப் பார்த்தான்.

நான் பெயர்ப்பலகை எழுதுபவரை வரச் சொன்னேன்.

"என்ன எழுதணும் டீச்சர்?"

"டாக்டர் பேருக்குக் கீழ, அதே அளவு எழுத்துல எழுதுங்க. 'டாக்டருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் உட்காரவும்.'"

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். தம்பி மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அண்ணி! வாசல்லயா?"

"வாசல்லதான். பேசறவன் எல்லாம் நம்ம முதுகுக்குப் பின்னாடிதான பேசறான்? நம்ம பலகையப் பாத்தே படிச்சுட்டுப் போகட்டும். எழுத்தக் கொஞ்சம் பெருசாவே போடுங்க."

"அத்தை இருந்திருந்தா..."

"இருந்திருந்தா, எழுத்து கோணாம எழுதுறாரான்னு பக்கத்துலயே நின்னு பாத்திருப்பாங்க" என்றேன். அம்மாவை என்னை விட யாருக்குத் தெரியும்?

பலகை காய்வதற்குள் ஒரு கூட்டம் நின்று படித்தது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். நான் மேஜையை வாசலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு, சிரித்த ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தேன். ஒளித்து வைத்த வரையில்தான் அது ஊருக்குக் கதை. பலகையில் ஏறிய பிறகு அது மருந்துக்கடைப் பலகை மாதிரி ஆகிவிட்டது. படித்தார்கள், போனார்கள், காய்ச்சல் வந்ததும் திரும்பி வந்தார்கள். பெஞ்ச் இன்னும் முழுசாக நிறையவில்லை. நிறையும். நிறையாவிட்டாலும் பலகை இறங்காது.

ஒரு தொல்லை மட்டும் புதிதாக வந்தது. வலது காது நன்றாகவே கேட்கும் என்று பலகையில் எழுதவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே போய்க் கத்துகிறார்கள். கதவருகே உட்கார வைத்து "மெதுவாச் சொல்லுங்க, கேக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பிரசவ வார்டுக்கு அடித்தளம் தோண்டிய வாரம் சிரிப்பு வந்தார். பெஞ்ச் அன்று ஓரளவு நிறைந்திருந்தது. அவர் உட்காராமல், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்களேன்" என்றேன்.

"இல்ல டீச்சரம்மா. நிக்கிறேன்."

"இப்ப நீங்க நோயாளியா?"

"ஆமாம்மா" என்றார், தரையைப் பார்த்து.

முறை வந்ததும் உள்ளே போனார். பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். சரியாக வலப்பக்கம் போய், முக்காலியில் அரை உடம்போடு உட்கார்ந்து, மேடையில் குனிந்த அதே பணிவோடு குனிந்து, தெருமுனை வரை கேட்கும் குரலில் கத்தினார்:

"சார்! மூலம் சார்! உக்கார முடியல!"

பெஞ்ச் முழுக்க ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. உள்ளே தம்பி அமைதியாகச் சொல்வது கேட்டது: "மெதுவாச் சொல்லுங்க. இந்தக் காது நல்லாக் கேக்கும்."

எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறவள், இவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவசியம் என்று தோன்றவில்லை.